முன்வாசல் புல்தரையை எடுத்துட்டு காய்கறித் தோட்டம்: பங்குனியில நடலாமா, ஆடி வரைக்கும் பொறுக்கணுமா?

மேற்குவாசல்:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில தனி வீடு. முன்னால 20 அடிக்கு 18 அடி புல்தரை. போட்டது கொரியன் புல். இப்போ பாதிக்கு மேல அருகு ஏறிடுச்சு, ஓரத்துல கோரையும் இருக்கு. வாசல் மேற்கு பார்த்தது, மரநிழல் கிடையாது. போர் தண்ணிதான், மீட்டர்ல டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1400 காட்டுது. புல்தரைக்கு ஓரமா சம்ப் இருக்கு, கேட்டுக்குப் பக்கத்துல மழைநீர் சேகரிப்புக் குழி. மொத்தப் புல்லையும் எடுத்துட்டு காய்கறி போடணும். பங்குனி முடியப் போகுது, இப்பவே பாத்தி கட்டி நாத்து நடலாமா? ரோட்டவேட்டர் விட்டு ஓட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு தோட்ட வேலைக்காரர் சொல்றார்.

பாலாற்றுமணல்:
ரோட்டவேட்டர் மட்டும் வேண்டாங்க. கொரியன் புல் மட்டும் இருந்தா பரவாயில்ல. அருகு கலந்த தரையில அதை விட்டா, மண்ணுக்குள்ள ஓடுற தண்டு துண்டு துண்டா நறுக்கப்படும். ஒவ்வொரு கணுவும் தனிச் செடியா முளைக்கும். கோரைக்கும் அதே கதி. கிழங்குகள் ஒரு சங்கிலியா கோத்திருக்கும். அதை அறுத்துவிட்டா, அதுவரை தூங்கிட்டிருந்த கிழங்கெல்லாம் முளைவிடும். ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிச்சு ரெண்டு வருஷம் களை பிடுங்க வேண்டி வரும்.

கையால எடுக்குறதுதான் வழி. முதல் நாள் சாயங்காலம் லேசா நனைச்சு வெச்சிடுங்க. மறுநாள் மண்வெட்டியால ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமா கீறி, ரெண்டு அங்குல கனத்துக்குப் படுக்கை வசத்துல சீவி எடுக்கணும். உங்க 360 சதுர அடிக்கு ஈரத்தோட ரெண்டு டன்னுக்கு மேல வரும், அதனால எங்க போடுறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. சுத்தமான கொரியன் புல் சதுரங்களைப் புல் பக்கம் கீழா கவிழ்த்து மூணு அடி உயரத்துக்கு அடுக்கி, நனைச்சு, கறுப்புத் தாள் போட்டு மூடினா தை மாசத்துக்குள்ள நல்ல மக்கு மண். அருகோ கோரையோ கலந்த சதுரங்களை அந்த அடுக்குல சேர்க்கவே கூடாது. சிமெண்ட் தரையில பரப்பி வெயில்ல மொறுமொறுன்னு காய வெச்ச பிறகுதான் மண்ணை உதறி எடுக்கணும்.

சீவின பிறகு கடப்பாறையால ஒரு அடி ஆழத்துக்கு நெம்பிவிட்டு, வெள்ளைத் தண்டு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் கையால உருவுங்க. கோரை இருக்கற ஓரத்துல மண்ணைச் சல்லடையில போட்டுக் கிழங்கைப் பொறுக்கணும். இதுல அவசரப்பட்டா மத்ததெல்லாம் வீண்.

தோண்டுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. புல்தரையில தெளிப்பான் குழாயும் தோட்ட விளக்கு ஒயரும் அரை அடி ஆழத்துலதான் கிடக்கும். அந்த லைனோட எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இறக்கிட்டு வேலையைத் தொடங்குங்க.

அட்டைமூடாக்கு:
தோண்டவே தேவையில்லை என்பது என் கருத்து. புல்லை ஒட்ட வெட்டி, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, மேலே அரை அடி உரமும் மண்ணும் போட்டால் புல் தானாகச் செத்து மக்கிவிடும். பல ஊர்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

பாலாற்றுமணல்:
குளிர்ச்சியான, ஈரம் நிக்கிற ஊருக்கு அது சரிப்படும். வேலூர் செம்மண்ணுல அட்டைப்பெட்டி கரையானுக்குப் போடுற விருந்துங்க. வீட்டுச் சுவருக்குப் பக்கத்துல அட்டையைப் புதைச்சா கரையான் அங்கிருந்து நிலைவாசக்கால் வரைக்கும் வந்துடும். அதோட நம்ம கோடையில அட்டை மக்காது, மேல ஊத்துற தண்ணியைத் தடுத்து அடிமண்ணைக் காய வெக்கும். கோரை முளை கூர்மையானது, ஈரமான அட்டையைக் குத்திட்டு மேல வந்துடும். கொரியன் புல் மட்டும் இருக்கிற இடத்துல, சுவர்ல இருந்து பத்து அடி தள்ளி, மழைக்காலத்துல வேணா செய்யலாம். இவங்க இடத்துக்குப் பொருந்தாது.

உழவன்_விரிஞ்சி:
பங்குனியில் நடுவது பற்றிய கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். தக்காளியும் மிளகாயும் பூத்துப் பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. அந்த வெயிலைக் களை அழிக்கப் பயன்படுத்திக்கொண்டு ஆடிப்பட்டத்தில் நடுவதே சரி.

பாலாற்றுமணல் சொன்னபடி சித்திரைக்குள் புல்லை எடுத்துவிடுங்கள். பிறகு மண்ணைச் சமன்செய்து, ஒரு அடி ஆழம் வரை ஈரமாகும்படி தண்ணீர் கட்டி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் (50 மைக்ரான்) மூடுங்கள். தாள் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், இடையில் காற்று நின்றால் சூடு இறங்காது. நான்கு பக்கமும் அரை அடி பள்ளம் வெட்டி விளிம்பைப் புதைத்து மண் அணையுங்கள். கத்திரி வெயில் தொடங்கும் மே 4-ஐ ஒட்டி மூடினால் ஜூன் நடுவில் எடுக்கலாம். குறைந்தது நான்கு வாரம், ஆறு வாரம் நல்லது. கறுப்புத் தாள் வெளிச்சத்தை மறைத்துப் புல்லை வாட்டும், ஆனால் அதன் அடியில் மண் அவ்வளவு சூடேறாது. சூட்டால் அழிக்க ஒளி புகும் தாள்தான் வேண்டும்.

இதனால் மேல் அரை அடியில் உள்ள களை விதைகள், வேர்முடிச்சு நூற்புழுக்கள், நாற்றழுகல் பூசணங்கள் பெருமளவு குறையும். கோரைக்கிழங்கு சாகாது. ஆழத்தில் தப்பிய அருகந்தண்டும் சாகாது. அதனால்தான் கையால் எடுப்பது முதலில், தாள் பிறகு. தாளை எடுத்தபின் ஆழமாகக் கொத்தக் கூடாது, கொத்தினால் அடியில் சூடுபடாமல் கிடக்கும் விதைகள் மேலே வரும்.

களைக்கொல்லி அடிக்கலாமா என்று யாரேனும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே கையாளலாம் என்று ஒன்றிய அரசு 2022-இல் கட்டுப்படுத்திவிட்டது. உண்ணும் கீரை வளரப்போகும் வீட்டு வாசலுக்கு அது தேவையும் இல்லை.

மேற்குவாசல்:
நன்றிங்க ஐயா. போன வருஷம் அகன்ற இலைக் களைக்கு ஏதோ மருந்து அடிச்சாங்க, பேரு தெரியல. அது மண்ணுல இருக்குமா? தண்ணி டி.டி.எஸ். 1400-ல என்னதான் வரும்?

உழவன்_விரிஞ்சி:
மருந்து பற்றி: புல்தரையில் அகன்ற இலைக் களைக்குப் பெரும்பாலும் 2,4-டி வகை மருந்துதான் அடிப்பார்கள், அது ஓராண்டு தங்காது. உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. புல்தரை மண்ணை இரண்டு தொட்டியிலும், மருந்து படாத வேறிடத்து மண்ணை இரண்டு தொட்டியிலும் நிரப்பி, பச்சைப்பயறும் தக்காளியும் விதையுங்கள். மூன்று வாரத்தில் புல்தரை மண்ணில் மட்டும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டால் மருந்து இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்தால் கவலை இல்லை.

தண்ணீர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் தோட்டத்தில் என்ன விளையும் என்பதை முடிவு செய்வது அதுதான். டி.டி.எஸ். 1400 என்றால் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (இ.சி.) ஏறக்குறைய 2.2. அந்தத் தண்ணீரையே பாய்ச்சி, வடிகாலும் நன்றாக இருந்தால் வேர்மண்ணின் இ.சி. சுமார் 3.3-இல் போய் நிற்கும். விளைச்சல் குறையத் தொடங்கும் மண் உப்பளவு என்று எஃப்.ஏ.ஓ. (ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு) அட்டவணை தருவது இது: பீன்ஸ் 1.0, கத்தரி 1.1, வெங்காயமும் முள்ளங்கியும் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீட்ரூட் 4.0, காராமணி 4.9, கொத்தவரை 8.8.

எல்லையைத் தாண்டியதும் எல்லாப் பயிரும் ஒரே வேகத்தில் சரியாது. உங்கள் மண்ணில் பீன்ஸ் கிட்டத்தட்ட பாதி விளைச்சலை இழக்கும், வெங்காயம் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். கத்தரிக்கு எல்லை தாழ்ந்ததாக இருந்தாலும் சரிவு மெதுவானது, நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான் குறையும். தக்காளிக்குப் பத்துக்கும் கீழே. காராமணி, கொத்தவரை, பீட்ரூட் மூன்றுக்கும் உங்கள் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. பீன்ஸையும் கேரட்டையும் விட்டுவிடுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைப் பாத்தியில் விடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து தோட்டத்துக்கு எடுங்கள். சாஃப்ட்னர் சுண்ணத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கிறது, அது மண்ணை இறுக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, நாற்றுத் தட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது.

மீட்டர் காட்டும் எண்ணோடு நிற்காமல், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கக் கொடுத்துவிடுங்கள். மண் மாதிரிக்கு ஆறு இடத்தில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணைச் சீவிச் சேர்த்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை ஒதுக்கி, அரைக்கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். பி.எச்., இ.சி., சோடியம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும் 100 சதுர அடிக்கு 2 கிலோ ஜிப்சம். கேட்காமல் கொட்ட வேண்டாம்.

கீரைக்கட்டு:
ஐயா சொன்னதோட ஒரு விஷயம். நகர்ல புல்தரைன்னா பெரும்பாலும் கட்டட இடிபாட்டு மேல அரை அடி செம்மண் போட்டு அதுக்கு மேல விரிச்சதுதான். தோண்டும்போது காரைத் துண்டு, ஜல்லி வந்தா அந்த மண்ணோட பி.எச். எட்டைத் தாண்டியிருக்கும். அப்போ இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது இரும்புச்சத்து மண்ணுல கட்டிப்போயிருக்கறதால. உரம் பத்தலைன்னு யூரியா போட்டா தீராது. லிட்டர் தண்ணிக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், கூட எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், பத்து நாளைக்கு ஒரு தடவை சாயங்காலமா இலையில தெளிங்க. இடிபாடு நிறைய இருந்தா அந்த இடத்தை ஒரு அடிக்கு எடுத்துட்டு புது மண் நிரப்புறதுதான் நிரந்தர வழி.

லோடு மண் வாங்கும்போது எந்த ஏரி வண்டல்னு கேளுங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடுற இடங்களோட கழிவு சேர்ந்த ஏரி மண் தோட்டத்துக்கு ஆகாது.

மேற்குவாசல்:
பாத்தி அமைப்பு எப்படி அக்கா? உரம் எவ்வளவு?

கீரைக்கட்டு:
வீட்டுச் சுவர்ல இருந்து 2 அடி காலியா விடுங்க. கட்டும்போதே அஸ்திவாரத்தைச் சுத்திக் கரையான் மருந்து ஊத்தியிருப்பாங்க, அங்க சாப்பிடுற எதுவும் வெக்கக் கூடாது, ஈரமும் சுவருக்கு ஆகாது. மதில்ல இருந்து ரெண்டரை அடி பந்தல் வரிசைக்கு. நடுவுல 3 அடி அகலத்துல மூணு பாத்தி, இடையில ஒன்றரை அடி நடைபாதை. பாத்தி தெற்கு வடக்கா நீளணும். சம்ப் மூடி, கேட் வழி போக 16 அடி நீளம் கிடைச்சா மூணு பாத்தியும் சேர்ந்து 144 சதுர அடி. மழைநீர்க் குழி மேல மண் மூடிடாதீங்க. குழியைச் சுத்தி ஒரு வரிசை செங்கல் உயர்த்திக் கட்டினா பாத்தி மண் கரைஞ்சு உள்ள போய் அடைக்காது.

ரெண்டு அங்குலம் சீவி எடுத்ததால தரை தாழ்ந்திருக்கும், ஐப்பசி மழைக்குத் தண்ணி தேங்கும். அதனால பாத்தியை ஒரு அடி உயர்த்தணும். ஓரத்துக்குக் கருங்கல் தூண் துண்டு நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கும், கரையானும் அரிக்காது, தெருவுல இருந்து பார்க்கவும் லட்சணமா இருக்கும்.

உரத்துக்கு, ரெண்டு அங்குல கனத்துக்குத் தொழு உரம் பரப்பி மேல் மண்ணோட கலக்குங்க. 144 சதுர அடிக்கு 400 கிலோ ஆகும்.

உழவன்_விரிஞ்சி:
அம்மா, இந்தத் தண்ணீருக்கு அந்த அளவு மிகுதி. காய்கறிக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பதே பரிந்துரை, 144 சதுர அடிக்கு 33 கிலோதான் வரும். தொழு உரத்திலும் உப்பு உண்டு, கோழி எருவில் இன்னும் அதிகம். உப்புத் தண்ணீரும் உப்பு எருவும் சேர்ந்தால் விதை முளைப்பதே தடைப்படும். நாற்றுகளின் இலை நுனி கருகும்.

கீரைக்கட்டு:
33 கிலோங்கறது தொடர்ந்து உழுது எருவடிச்சிட்டு வர்ற வயலுக்குங்க ஐயா. புல்தரை மண் மிதிபட்டு இறுகிக் கிடக்கும், அதுல அவ்வளவு மட்டும் போட்டா பாய்ச்சின தண்ணி உள்ளயே இறங்காது. உப்பு பத்தி நீங்க சொல்றதும் நியாயம்தான். 70 கிலோ நல்லா மக்கின தொழு உரம், மீதிக்கு இலை மக்கு, 100 சதுர அடிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்குன்னு வெச்சுக்கலாம். தென்னை நார்க்கழிவு போட்டா கழுவினதுதான்னு உறுதி பண்ணிக்கணும், கழுவாததுல உப்பு ஏகமா இருக்கும்.

உழவன்_விரிஞ்சி:
அந்தக் கலவை எனக்கும் ஏற்புதான். இன்னும் ஒன்று சேர்க்கலாம். ஜூன் நடுவில் தாளை எடுத்ததும் தக்கைப்பூண்டு விதையுங்கள், 100 சதுர அடிக்கு 50 கிராம். கார மண்ணும் உப்பும் தாங்கும். 40, 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது வெட்டி, மேல் மண்ணிலேயே மடக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து நடலாம். ஆடிக் கடைசி ஆகிவிடும் என்று தயங்கினால் ஒரு பாத்தியில் மட்டும் இதைச் செய்துவிட்டு, மற்ற இரண்டில் ஆடித் தொடக்கத்திலேயே நட்டுவிடலாம்.

சொட்டுநீர்_காட்பாடி:
தண்ணிக் கணக்கு. மே மாசம் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 6லிருந்து 7 லிட்டர் ஆவியாகும். பாத்தியும் பந்தல் வரிசையும் சேர்த்து 17 சதுர மீட்டர்னு வெச்சா 110 லிட்டர். உப்பு கீழ இறங்கணும்னா ஆறுல ஒரு பங்கு கூடுதலா விடணும், ஆக 130. இதே வெயில்ல 360 சதுர அடிப் புல்லுக்கு ஊத்துறது இதைவிட அதிகம்.

16 மி.மீ. இன்லைன் குழாய், ஒரு அடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர் வகை. 2 லிட்டர் வகை வாங்காதீங்க, துவாரம் சின்னது, நம்ம சுண்ணாம்புத் தண்ணிக்குச் சீக்கிரம் அடைச்சுக்கும். பாத்திக்கு ரெண்டு வரிசை, ஒன்றரை அடி இடைவெளியில. மாடி டேங்க் பாத்தியில இருந்து 22 அடி உயரத்துல இருந்தா அழுத்தம் 0.65 பார் அளவு, அப்போ ஒவ்வொண்ணும் 3.2 லிட்டர்தான் சொட்டும். மூணு பாத்திக்கு 96 சொட்டுவான், 25 நிமிஷத்துல 128 லிட்டர். பந்தல் குழிக்குத் தனி வால்வு வெச்சுக்கோங்க. தலைப்புல 120 மெஷ் திரை வடிகட்டி கட்டாயம். வாரம் ஒரு தடவை கடைசி மூடியைத் திறந்து தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடணும். அடைப்பு வந்தா லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைச்சு குழாய்ல ராத்திரி முழுக்க நிரப்பி வெச்சு, காலையில கழுவி விடுங்க, அந்தத் தண்ணி பாத்திக்கு வேண்டாம்.

சொட்டுநீர்ல உப்பு ஈர வட்டத்தோட விளிம்புல போய் வெள்ளையாப் பூக்கும். லேசான தூறல் வந்தா அந்த உப்பு வேருக்கே திரும்பி இறங்கும். அதனால கோடையில சின்ன மழை பெய்யும்போது சொட்டுநீரை நிறுத்தாம ஓட விடுங்க. கேட்க விசித்திரமா இருக்கும், ஆனா உப்புத் தண்ணித் தோட்டத்துக்கு இது முக்கியம்.

மேற்குவாசல்:
மேற்கு வெயில் மதில்ல பட்டு அனல் அடிக்குது. பந்தல் உதவுமா? ஆடியில எதை எங்க வெக்கலாம்?

பந்தல்_அணைக்கட்டு:
மேற்கு மதிலோரப் பந்தல்தான் உங்களுக்குக் குடை. ஆறரை அடி உயரத்துல கருங்கல் கால் நாலு, ரெண்டு அடி மண்ணுக்குள்ள. மேல 10 கேஜ் கம்பி கட்டி, குறுக்க மெல்லிசுக் கம்பி ஒரு அடிக்கு ஒண்ணு. குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, குழிக்கு 10 கிலோ தொழு உரம். 16 அடிக்கு ரெண்டு குழி போதும், ஒண்ணுல பீர்க்கன், ஒண்ணுல புடலை. நெருக்கி வெச்சா இலைதான் கிடைக்கும். பழ ஈக்கு, வாசனையால ஈயை இழுக்கிற கியூலூர் பொறி ஒண்ணு தொங்க விடுங்க, புழு விழுந்த பிஞ்சைக் கீழ விடாம பொறுக்கிப் புதைங்க. முருங்கை ஆசைப்பட்டா சம்ப்ல இருந்து பத்து அடி தள்ளித்தான், உங்க இடத்துல அதுக்கு வழியில்ல.

கீரைக்கட்டு:
மதில் பக்கத்துப் பாத்தியில கொத்தவரையும் காராமணியும். அனலையும் உப்பையும் தாங்குறது அதுங்கதான். நேரடி விதைப்பு, அடிக்கு ஒண்ணு.

நடுப் பாத்தியில இலவம்பாடி முள்ளுக் கத்தரி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மாவட்டத்து ரகம், எண்ணெய்க் கத்தரிக்கு அதுக்கு ஈடு கிடையாது. படர்ந்து வளரும், ரெண்டரை அடி இடைவெளி விடணும், பாத்தி நடுவுல ஒத்தை வரிசையா ஆறு செடி. இலை, தண்டு, காம்பு எல்லாம் முள், அதனால குழந்தைங்க நடக்கிற ஓரத்துல வேண்டாம். ஆனி முதல் வாரம் நாத்துவிட்டா 35 நாள்ல நடலாம். நுனி வாடித் தொங்கினா தண்டுத் துளைப்பான், வாடின இடத்துக்குக் கீழ ஒரு அங்குலம் சேர்த்துக் கிள்ளி எரிச்சிடணும். வாரம் ரெண்டு தடவை இதைச் செஞ்சா பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. தேவைப்பட்டா வேப்பங்கொட்டைப் பருப்பு லிட்டருக்கு 50 கிராம் இடிச்சு ராத்திரி ஊறவெச்சு வடிகட்டித் தெளிங்க.

வீட்டுப் பக்கத்துப் பாத்திக்கு மதியத்துக்கு மேல சாய்வெயில் மட்டும்தான் வரும். அதுல பாதி கீரை, பாதி தக்காளி. சிறுகீரை, முளைக்கீரை விதையைப் பத்து மடங்கு மணலோட கலந்து தூவுங்க, இல்லாட்டி ஒரே இடத்துல கொட்டிடும். 25 நாள்ல வேரோட பிடுங்கிட்டு அடுத்ததை விதைக்கலாம். மூணு வாரத்துக்கு ஒரு துண்டுன்னு பிரிச்சு விதைச்சா கீரை விட்டுப்போகாது. தக்காளிக்குப் பக்கத்துல செண்டுமல்லி வையுங்க, நூற்புழுவும் குறையும், வாசலுக்கும் அழகு.

புல் எடுக்கும்போது 'சி' மாதிரி வளைஞ்ச வெள்ளைப் புழு கிடைச்சா அது வண்டோட குஞ்சு. புல் வேரைத் தின்னு வாழ்ந்தது, புல் போனதும் உங்க நாத்து வேருக்கு வரும். கிளறின மண்ணை ரெண்டு நாள் திறந்து போடுங்க, மைனாவும் காக்காவும் பொறுக்கிடும்.

மேற்குவாசல்:
பெருச்சாளி தொல்லை இருக்கு. உயர்த்தின பாத்திக்குள்ள வளை போடுமா? கோரை திரும்ப வந்தா?

பாலாற்றுமணல்:
போடும், இளக்கமான மண்ணுன்னா அதுக்குக் கொண்டாட்டம். பாத்தி கட்டும்போதே அடியில அரை அங்குல வெல்டு மெஷ் விரிச்சு, ஓரக் கல்லுக்கு உள்பக்கமா மேல மடக்கி விடுங்க. பின்னாடி சேர்க்க முடியாத வேலை இது.

கோரையைப் பத்தி: எவ்வளவு பொறுக்கினாலும் ஆடி மழைக்குக் கொஞ்சம் தலை காட்டும். இலை அஞ்சாறு விட்டதும் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள எடுக்கணும். மேல அறுத்துவிட்டா பிரயோஜனமில்ல. குறுகின கத்தியைப் பக்கத்துல செங்குத்தா இறக்கி, கிழங்கோட நெம்பி எடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை வரைக்கும். மதில் ஓரம் பக்கத்து மனையில இருந்து அருகு உள்ள ஓடி வராம இருக்க, ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பா கல் பலகையை நிறுத்திப் புதைச்சு, மேல ரெண்டு அங்குலம் தெரியுற மாதிரி விடுங்க. பலகைக்குப் பலகை இணைப்புல சிமெண்ட் பூசணும், அருகு அந்த இடுக்கைத்தான் தேடும்.